வியர்க்காத வெயில்

“வேர்க்குமா, வேர்க்காதா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி.”

கேட்டுவிட்டு, உளுந்து களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள் பேராச்சி. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். கைக்குட்டையால் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினான்.

“எங்க, அத்தை?”

“நீங்க வேலை பாத்த ஊர்ல. தம்மாம்ல.”

“வேர்க்காமயா? இங்க மாதிரிதான். ஆகஸ்ட் மாசம்லாம் இதைவிட மோசம். சட்டையக் கழட்டிப் பிழியலாம்.”

பேராச்சி உளுந்துத் தண்ணீரைச் சாய்த்து வடித்தாள். சிக்கினான் என்று நினைத்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய மகள் கீதா டீ போட்டுக்கொண்டிருந்தாள். “அம்மா, சீனி எவ்வளவு போட?” என்று தேவையில்லாமல் கேட்டாள். பேச்சைத் திருப்பத்தான் கேட்கிறாள் என்பது பேராச்சிக்குத் தெரியும்.

“எப்பவும் போடுதத போடு.”

ஹரி என்ற இந்தப் பையனுக்குத்தான் கீதாவைக் கொடுப்பதாகப் பேச்சு. பம்பாயிலேயே சீத்தா கேம்பில் வீடு. தகப்பன் இல்லை, தாய் மட்டும். ஆறு வருஷம் சவுதியில், தம்மாமில், ஏசிக் குழாய் மாட்டும் வேலை. போன வருஷம் திரும்பி வந்து செம்பூரில் சின்னதாக ஏசி ரிப்பேர் கடை போட்டிருக்கிறான். குடி கிடையாது. கீதாவுக்குப் பிடித்திருக்கிறது. வெற்றிலை மாற்ற நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

பேராச்சிக்கு அந்த ஆறு வருஷம்தான் தொண்டையில் நின்றது. ஓர் ஆண்பிள்ளை ஆறு வருஷம் ஊர் கண்ணில் படவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணம்தான். ஒன்று வளைகுடா. இன்னொன்று ஜெயில். வீட்டில் போய்க் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில் வரும்: ‘பையன் வெளியில இருக்கான்.’ போன வாரம் அவளிடம் இட்லி எடுக்க வந்த சைக்கிள்காரன் ஒருவன், சீத்தா கேம்ப்காரன், ஹரி பெயரைச் சொன்னதும் சிரித்தான். “அவனா? சவுதின்னுதான் சொல்லுதாவ” என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறாள்.

சந்தேகப்படுவதில் பேராச்சியை மிஞ்ச அந்தச் சந்தில் ஆள் கிடையாது. அரிசி மூட்டையை வாங்கிய இடத்திலேயே பிரித்து அடியில் கைவிட்டுப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர்காரன் நல்ல வார்த்தை சொன்னால் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டில் புதுச் சேலை கட்டினால் கடையில் வாங்கியதா, யாராவது கொடுத்ததா என்று இரண்டு நாளில் அவளுக்குத் தெரிந்துவிடும். ‘சிஐடி பேராச்சி’ என்று பின்னால் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பத்தொன்பது வயதில் கழுத்தில் தாலியோடு தாராவிக்கு வந்தவள். வந்த முதல் மே மாதமே அவள் உடம்பு முழுக்க வேர்க்குரு வாரி இறைத்ததுபோல் வந்தது. ஊர் வெயில் தெரியும் அவளுக்கு. தலையில் அடிக்கும், நிழலுக்குப் போனால் விட்டுவிடும். பம்பாய் வெயில் நிழலுக்குள்ளும் கூடவே வந்து உட்கார்ந்தது. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நின்றது. தீக்குச்சி உரசினால் தலை பிசுபிசுவென்று கழன்று வந்தது. காயப்போட்ட சேலை மறுநாள் காலையிலும் சில்லென்று இருக்கும். அதையே கட்டிக்கொண்டு இட்லிப் பானையின் ஆவியில் நிற்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷமாக அவள் செய்வது இட்லிதான். விடியுமுன் அவித்து வைத்தால் சைக்கிள்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு சயான், தாதர் என்று விற்கப் போய்விடுவார்கள். மே மாதத்தில் மாவு சொன்ன பேச்சு கேட்காது. ஆட்டி வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தால் பானையை விட்டு எழுந்து தரைக்கு வந்திருக்கும்.

அவள் கணவர் வானமாமலை வெல்டர். கீதாவுக்கு ஐந்து வயதானபோது சவுதிக்குப் போனார். தம்மாம் துறைமுகத்தில் கப்பல் வெல்டிங் என்று சொன்னார். அவரும் ஆறு வருஷம்தான். நடுவில் இரண்டு தடவை வந்துபோனார். அப்போது வீட்டில் போன் கிடையாது. சந்து முனையில் ஜஹாங்கீர் கடைக்குப் போன் வரும். கடைப் பையன் ஓடிவந்து கூப்பிடுவான். ஈரக் கையோடு இவள் ஓடுவாள்.

“அங்ஙன வெயிலு எப்படி?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வியாக இருக்கும். வேறு என்ன கேட்பது, கடையில் நான்கு பேர் நிற்கும்போது?

அவர் சொல்வார். வியர்க்கவே வியர்க்காது என்பார். வியர்வை வெளியே வருமுன் காய்ந்துவிடும்; சாயங்காலம் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் இருக்கும். ஒரு பனியனைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பிழிவதற்குள் முதல் பனியன் மொறுமொறுவென்று ஆகிவிடும். உதடு வெடித்து ரத்தம் வரும். மூக்குக்குள் முள் குத்துகிறமாதிரி இருக்கும். காற்று அடித்தால் அடுப்பு வாயைத் திறந்தமாதிரி. நிழலில் நின்றால் போதும், சுகம். ராத்திரி போர்வை கேட்கும்.

“அங்ஙன மாவு பொங்குமா?” என்று ஒருதடவை கேட்டாள்.

“எங்க பொங்க? மேல தோலு மாதிரி காஞ்சு போவும். ஈரத்துணி போட்டு மூடணும்” என்றார்.

இந்த ஒரு விஷயத்தில் பேராச்சி யாரையும் சந்தேகப்படவில்லை. பொய் சொல்கிறவன் சௌகரியமாக இருக்கிறேன் என்பான். இந்த மனிதர் மூக்கில் ரத்தம் வந்ததைச் சொல்கிறார். அதோடு, அந்த வெயிலின் மேல் அவளுக்கு ஆசையே வந்துவிட்டது. ஆவியில் நிற்கும்போது அதை நினைத்துக்கொள்வாள். ‘எங்க வீட்டுக்காரரு இருக்க ஊர்ல வேர்க்கவே வேர்க்காது’ என்று குழாயடியில் பெருமையாகச் சொல்வாள். தம்மாமைப் பற்றி அந்தச் சந்தில் யாருக்காவது ஏதாவது தெரியும் என்றால் அது பேராச்சி சொல்லித்தான்.

ஆகவே இப்போது இந்தப் பையன் சட்டையைப் பிழியலாம் என்றதும் அவளுக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. இவன் தம்மாமைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜெயில் பம்பாயில்தான் இருந்திருக்கும். பம்பாய் வெயிலையே எடுத்து தம்மாம் என்று விற்கிறான்.

கீதா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே போனையும் நீட்டினாள்.

“எதுக்கும்மா இவ்வளவு டென்ஷன்? இதுல பாரு. தம்மாம் போட்டா இன்னிக்கு வெதர் வந்துரும்.”

போட்டாள். நாற்பத்தொன்று டிகிரி. ஈரப்பதம் பதினைந்து சதவீதம். பம்பாய்க்குப் போட்டாள். முப்பத்து நான்கு, ஈரப்பதம் எழுபது.

“அங்ஙன ஈரமே இல்லையே தம்பி” என்றாள் பேராச்சி. குரலில் தேன் சொட்டியது.

ஹரி பதறவில்லை. “இப்ப மே மாசம்லா அத்தை. இப்ப காத்து உள்ளேருந்து அடிக்கும், காஞ்சுதான் இருக்கும். ஆகஸ்ட்ல கடல் காத்து திரும்பும் பாருங்க, அப்ப போட்டுப் பாக்கணும். ரூம்ல ஏசி. கதவத் திறந்து வெளிய கால் வச்சா கண்ணாடி பூரா வெள்ளையா மூடிக்கிடும். தொடச்சா மறுபடி மூடும். ரெண்டு நிமிஷம் குருடன் மாதிரி வாசல்லயே நிப்பேன். அப்புறந்தான் பஸ்ஸு எங்க நிக்குன்னே தெரியும்.”

கீதா சிரித்தாள். பேராச்சி சிரிக்கவில்லை. கண்ணாடி விஷயம் அவளைக் கொஞ்சம் இடறியது. உட்கார்ந்த இடத்தில் கட்டிச் சொல்கிறமாதிரி இல்லை. ஆனாலும் பார்க்கலாம். வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

சாட்சி அப்போதுதான் இரும்பு ஏணியில் ஏறி வந்தார். ஞாயிற்றுக்கிழமை, வெல்டிங் பட்டறை லீவு. ஒரு கையில் கருவாட்டுப் பொட்டலம். சட்டைப் பையில் எப்போதும்போல் ஒரு சின்ன வெங்காயம் புடைத்துக்கொண்டிருந்தது. கோடை பிறந்தால் வெங்காயம் இல்லாமல் வெளியே இறங்கமாட்டார், அனல்காற்று அண்டாதாம். சவுதியில் கற்றது என்பார். பட்டறையில் அதற்காக அவரைக் கேலி செய்வார்கள்.

ஹரி எழுந்து நின்றான். “வாங்க மாமா.”

இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெண் பார்க்க வந்த அன்று வானமாமலைக்கு அவசர வேலை என்று பட்டறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“நல்ல நேரத்துல வந்திய” என்றாள் பேராச்சி. “தம்பியும் தம்மாம், நீங்களும் தம்மாம். பேசிக்கிட்டு இருங்க. அங்ஙன வேர்க்கும்னு சொல்லுதாக தம்பி.”

வானமாமலை பொட்டலத்தைக் கீழே வைத்தார். “அதுக்கென்ன இப்ப? டீ குடிச்சிட்டு அனுப்பு. வெயிலுக்கு முன்ன போவட்டும்.”

“வெயிலு தாழ்ந்துட்டு. நீங்க சொல்லுங்க.”

அவர் மூலையிலிருந்த கூலரைப் போட்டார். தகரப் பெட்டி, பக்கவாட்டில் நார் அடைத்து, நாரில் தண்ணீர் ஓட, காற்றை அடிக்கும். திரும்பி வந்த அடுத்த கோடையில் ஆசை ஆசையாக அவர் வாங்கிய பொருள். சந்தில் யாரிடமும் அது கிடையாது. ஏன் கிடையாது என்பது போட்ட பத்தாவது நிமிஷத்தில் தெரிந்துவிடும்: அறை குளிராது, கட்டியிருக்கிற துணி நமுத்துப்போகும், உப்பு இன்னும் கொஞ்சம் இளகும். ஆனாலும் அவர் விடவில்லை. வருஷா வருஷம் புது நார் வாங்கி அடைப்பார். சவுதியில் இதுதான் உயிர் காத்தது என்பார்.

ஹரி கூலரையே பார்த்துக்கொண்டிருந்தான். தொழில்காரனின் பார்வை.

“இந்த ஊர்ல இது வேலை செய்யாதே மாமா. ஏற்கனவே காத்துல ஈரம். ஈரத்துக்கு மேல ஈரம் அடிச்சா எங்க குளிரும்? ராஜஸ்தான், டில்லி அந்தப் பக்கம்னா சூப்பரா இருக்கும்.” சொல்லிவிட்டு, மரியாதைக்குச் சேர்த்துக்கொண்டான்: “தம்மாம்ல நான் கூலர் பாத்ததில்ல. லேபர் கேம்ப்லகூட ஏசிதான். உங்க காலத்துல இருந்திருக்கும்.”

“இருந்துச்சு” என்றார் வானமாமலை.

“போர்ட்லதான வேலைன்னு அத்தை சொன்னாங்க. நாங்க வெள்ளிக்கிழமைன்னா கடற்கரைக்குப் போயிருவோம். நீங்கள்லாம் போவீங்களா?”

“எங்க கடலு? கண்ணுக்கெட்டின வரைக்கும் மணலு. கடலைக் கண்டது யாரு” என்றார் வானமாமலை.

கூலர் கடகடவென்று ஓடியது.

கீதா அப்பாவைப் பார்த்தாள். பேராச்சி உளுந்துச் சட்டியையே பார்த்தாள். துறைமுகம். கப்பல் வெல்டிங். கடலைக் கண்டது யார்.

ஹரிதான் முதலில் வாயைத் திறந்தான். “மாமா ரொம்ப உள்ள தள்ளி இருந்திருப்பாங்க அத்தை. தம்மாம்னு பேரு, ஆனா சைட்டு எங்கயோ பாலைவனத்துக்குள்ள இருக்கும். நிறையப் பேருக்கு அப்படித்தான். அங்கெல்லாம் வேர்க்காது. மாமா சொன்னது கரெக்ட்தான்.”

“ஆமா, உள்ள. ரொம்ப உள்ள” என்றார் வானமாமலை. சட்டென்று சொன்னார். தண்ணீரில் தத்தளிப்பவன் கயிற்றைப் பிடிக்கிறமாதிரி சொன்னார்.

பேராச்சி இரண்டையும் கவனித்தாள். பையன் கயிறு வீசியதையும், புருஷன் அதைப் பிடித்ததையும். பொய் சொல்ல வந்தவன் அடுத்தவன் பொய்க்கு ஏன் முட்டுக் கொடுக்கிறான்?

“நான் வாரேன் அத்தை. மாமா, வாரேன்” என்று ஹரி கிளம்பினான். கீதாவைப் பார்க்காமல் பார்த்தான்.

“ஏட்டி, பஸ் நிக்க இடம் வரைக்கும் போய் விட்டுட்டு வா. வரும்போது தயிரு வாங்கு” என்றாள் பேராச்சி.

கீதா நம்பமுடியாமல் செருப்பை மாட்டினாள். ஏணியில் இரண்டு பேரின் காலடி ஓசையும் இறங்கிப்போனது.

வானமாமலை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கூலருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். திரும்பாமலே சொன்னார்:

“ஏளா, இந்தச் சம்மந்தம் வேண்டாம்.”

“ஏன்?”

“பய பொய் சொல்லுதான். தம்மாம்ல எங்கயாவது வேர்க்குமா? ஜெயில்ல கெடந்த பயலுக்குப் பொண்ணக் குடுக்கவா?”

காலையில் அவர் இதைச் சொல்லியிருந்தால் பேராச்சி அவர் வாய்க்குச் சர்க்கரை போட்டிருப்பாள். ஒரு வாரமாக அவள் தேடிக்கொண்டிருந்த வார்த்தை இதுதான். ஆனால் இப்போது அவள் கண்முன் இரண்டு வெயில் இருந்தது. கண்ணாடியை மூடுகிற வெயில் ஒன்று. பனியனை மொறுமொறுப்பாக்குகிற வெயில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே ஊர்ப் பெயர். இரண்டில் ஒன்றுதான் அந்த ஊரினுடையது. பையனுடையது பொய் என்றால் கீதாவின் கல்யாணம் நின்றது. பையனுடையது மெய் என்றால், ஜஹாங்கீர் கடையில் ஈரக் கையோடு நின்று ஆறு வருஷம் அவள் கேட்டது எந்த ஊர் வெயில்?

“சரி” என்றாள். “அப்ப அவங்க அம்மைக்கு இப்பவே போனப் போட்டுச் சொல்லிருதேன். உங்க வார்த்தைய வச்சுத்தான் சொல்லணும். ‘எங்க வீட்டுக்காரரு தம்மாம்ல ஆறு வருஷம் இருந்தவரு, உங்க பையன் சொல்லுத ஊரு தம்மாமே இல்லங்காரு’ன்னு சொல்லுதேன். அவங்க நாலு தம்மாம்காரனக் கூட்டிட்டு வந்து நிப்பாங்க. நீங்க அவங்ககிட்ட பேசிக்கிடுங்க.”

போனை எடுத்தாள். கையில் உளுந்து ஈரம். திரை சரியாகப் படியவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மணி அடிப்பது அறைக்குள் கேட்டது.

“வைய்யி” என்றார் வானமாமலை.

மணி அடித்தது.

“வைய்யின்னு சொல்லுதேன்லா.”

வைத்தாள்.

“எந்த ஊரு?” என்று கேட்டாள்.

அவர் கூலரை நிறுத்தினார். நாரிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

“பார்மேர்.”

“அது எங்க கெடக்கு?”

“ராஜஸ்தான்.”

அவர் சொல்லியதைப் பேராச்சி குறுக்கே பேசாமல் கேட்டாள். ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான். விமான நிலையத்துக்குள் போன பிறகுதான் டிக்கெட்டும் பொய், விசாவும் பொய் என்று தெரிந்தது. கூட வந்த எல்லாருக்கும் அதே கதி. வெளியே வந்துவிடலாம், ஆனால் எப்படி வருவது? இரண்டு டெம்போ நிறைய சந்தே வந்து வழியனுப்பியிருந்தது. மாலை போட்டிருந்தார்கள். ஜஹாங்கீர் போட்டோ எடுத்தார். கீதாவைத் தூக்கி முத்தம் கொடுக்கச் சொன்னார்கள், அதையும் எடுத்தார். கழுத்தில் மாலை வாடுமுன் அந்தச் சந்துக்குள் திரும்பி நடந்து வர அவர் கால் வரவில்லை. பட்டறையில் பழக்கமான மார்வாடி ஒருவர் பார்மேரில் குழாய் போடும் இடத்தில் வெல்டர் வேலை இருக்கிறது என்றார். ஒரு மாதம் இருந்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனார். ஒரு மாதம் ஆறு வருஷம் ஆனது. வந்துபோன இரண்டு தடவையும் கொண்டுவந்த பேரீச்சம்பழமும் போர்வையும் சோப்பும் இதே பம்பாயில், கிராஃபர்ட் மார்க்கெட்டில் வாங்கியவை.

“ஆனா வெயிலப் பத்தி நான் ஒரு பொய்யும் சொல்லல” என்றார். “நீ கேக்கும்போது, என்ன இருந்துதோ அதத்தான் சொன்னேன்.”

பேராச்சி அதை ஒப்புக்கொண்டாள். அதனால்தான் நம்பினாள். ஊரைத் தவிர எல்லாம் மெய்.

அவமானம் பிறகு வரட்டும் என்று ஒதுக்கி வைத்தாள். குழாயடியில் முப்பது பெண்களுக்கு முன்னால் தான் அளந்த தம்மாம், ஒவ்வொரு மே மாதமும் பட்டறை சிரித்த வெங்காயம், இந்தக் கூலர், எல்லாம் பிறகு. முதலில் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

“அங்ஙன மாவு தோலு மாதிரி காயும்னு சொன்னிய. ஈரத்துணி போட்டு மூடணும்னு சொன்னிய.”

“ஆமா.”

“மாவு யாரு ஆட்டுனா?”

வானமாமலை அவளைப் பார்த்தார்.

“கூட ஒரு மதுரைக்காரப் பய இருந்தான். சமையல்காரன். அவன் ஆட்டுவான்.”

“பேரு?”

“இப்ப பேரு எங்க ஞாபகம் இருக்கு? இருவது வருஷம் ஆச்சு.”

“ஆறு வருஷம் சோறு போட்டவன் பேரு ஞாபகம் இல்ல.”

“நகுலோ என்னமோ.”

“மதுரைக்காரப் பயலுக்கு நகுலா?”

“ஏளா, சத்தியமா அங்ஙன யாரும் இல்ல. நீ நினைக்கிய மாதிரி ஒண்ணும் கெடையாது. கீதா மேல சத்தியம்.”

பேராச்சி அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து வியர்வை புருவத்தில் இறங்கி, அங்கிருந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. கழுத்து நனைந்திருந்தது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? அவள் கழுத்தும்தான் நனைந்திருந்தது. பம்பாயில் பொய் சொல்கிறவனும் வியர்க்கிறான், மெய் சொல்கிறவனும் வியர்க்கிறான், சும்மா உட்கார்ந்திருக்கிறவனும் வியர்க்கிறான். அந்த வறண்ட ஊராக இருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

பையன் விஷயம்கூட முழுசாகத் தீரவில்லை. கண்ணாடியை மூடுகிற வெயில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, சரி. ஏசி அறையும் பக்கத்தில் கடலும் இருக்கிற ஊர் உலகத்தில் தம்மாம் ஒன்றுதானா? வெயிலை மெய்யாகச் சொல்லிவிட்டு ஊரைப் பொய்யாகச் சொல்லலாம் என்பதை இந்த வீட்டிலேயே ஒருவர் நடத்திக் காட்டியிருக்கிறார். ஆனால் அவன் கயிறு வீசினானே. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இவர் பெண்ணின் கல்யாணத்தைக் கலைக்கப் பார்த்தார். இவரைக் காப்பாற்ற அவன், தன்னைப் பொய்யன் என்று மாமியார் நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனான். நிறுத்துப் பார்த்தால் எந்தத் தட்டு கனக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஏணியில் கீதா வரும் சத்தம் கேட்டது. தயிர்ப் பையோடு வாசலில் நின்றாள். அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னம்மா?”

“அவங்க அம்மைக்குப் போனப் போட்டுக் குடு. கட்டாயிட்டுன்னு நினைச்சிருப்பாங்க.”

“என்ன சொல்லப் போற?”

“வெத்தல மாத்த நாள் பாக்கச் சொல்லப் போறேன். வேற என்ன சொல்ல?”

கீதா அப்பாவைப் பார்த்தாள். வானமாமலை தலையை ஆட்டினார். வேண்டும் என்றா வேண்டாம் என்றா, தெரியாதபடி ஆட்டினார்.

“அப்பாவுக்கு ஓகேவா?”

“அவருக்கென்ன. மாப்பிள்ளைய அவருக்குத்தான் நம்மள விட நல்லாத் தெரிஞ்சிருக்கு” என்றாள் பேராச்சி.

மறுநாள் திங்கட்கிழமை. பேராச்சி வழக்கம்போல் எழுந்து இட்லி அவித்தாள். சைக்கிள்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சீத்தா கேம்ப்காரனிடம், ஹரியைப் பற்றி என்ன தெரியும் என்று நேராகக் கேட்டாள். தனக்கு எதுவும் தெரியாது, சும்மா சிரித்தேன் என்றான். அவனுக்குக் கொடுக்கும் இட்லியை அவள் குறைக்கவில்லை. வானமாமலை சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கீதாவிடம், பார்மேர் என்ற ஊருக்கு இங்கிருந்து ரயில் உண்டா என்று பேராச்சி கேட்டாள். கீதா போனில் பார்த்து, உண்டு என்றாள். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லையாம் என்றாள் பேராச்சி. கீதாவுக்கு நேரமாகிவிட்டது; போய்விட்டாள். மதியம் ஹரியின் தாய் கூப்பிட்டாள். ஆனி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றுவது என்று பேசிக்கொண்டார்கள். மாதுங்காவில் சேலை எடுக்கலாம் என்று அந்த அம்மாள் சொன்னாள். சரி என்றாள் பேராச்சி. சாயங்காலம் மேகம் கூடியது, மழை பெய்யவில்லை. வானமாமலை திரும்பி வந்து குளித்தார். மூன்று பேரும் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார்கள்.